அமெரிக்காவில் கஞ்சா அடித்துவிட்டு வண்டி ஓட்டினால் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நிலவரப்படி அமெரிக்காவில் 24 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டன் டிசியிலும் 21 வயது நிரம்பியவர்கள் கஞ்சாவைச் சட்டப்படி வைத்திருக்கலாம், பயன்படுத்தலாம். ஆனால் கஞ்சா போதையில் வண்டி ஓட்டுவது ஐம்பது மாநிலங்களிலும் குற்றம்தான். எதைப் போதை என்று எடுத்துக்கொள்வது என்பதில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழியில் போகிறது. படிக்க வந்த பிள்ளைகளும் எச்-1பி-யில் வேலை பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். இது பொதுத் தகவல் மட்டுமே. கேஸ் என்று வந்துவிட்டால் அந்த மாநிலத்து வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

கடையில் ரசீதோடு வாங்கியதுதானே? அப்புறம் ஓட்டினால் என்ன தப்பு?

விஸ்கியும் ரசீதோடு வாங்குவதுதான். வாங்கலாம் என்ற அனுமதிக்கும் ஓட்டலாம் என்ற அனுமதிக்கும் சம்பந்தம் கிடையாது. "எனக்கு இது சட்டப்பூர்வமானது" என்ற வாதம் போதையில் வண்டி ஓட்டிய வழக்கில் (சுருக்கமாகப் போதை ஓட்டல்) பொதுவாக எடுபடாது. வாஷிங்டன் மாநிலச் சட்டத்தில் அதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மதுவுக்கு ரத்தத்தில் 0.08 சதவீதம் என்ற வரம்பு இருக்கிற மாதிரி கஞ்சாவுக்கும் ஓர் அளவு உண்டா?

சில இடங்களில் உண்டு, பல இடங்களில் இல்லை. இங்கேதான் குழப்பமே ஆரம்பிக்கிறது.

வாஷிங்டன் மாநிலத்தில் 2012 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கஞ்சாவை அனுமதித்தபோதே, ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டிஎச்சி என்ற வரம்பும் சேர்ந்தே வந்தது. டிஎச்சிதான் கஞ்சாவில் போதை தரும் பொருள். ஓட்டிய இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் 5 இருந்தால் முடிந்தது கதை. நீங்கள் நேராக ஓட்டினீர்களா, கோணலாக ஓட்டினீர்களா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. 21 வயதுக்குக் கீழே இருந்தால் துளி இருந்தாலும் குற்றம். இந்த வரம்பு செல்லாது என்று ஒரு வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2022-ல் தோற்றது. மொன்டானாவிலும் இல்லினாயிலும் அதே 5 நானோகிராம்.

கொலராடோவிலும் 5 தான், ஆனால் அதன் வேலை வேறு. 5 இருந்தால் "இவர் போதையில் இருந்தார்" என்று ஜூரி அனுமானிக்கலாம், அனுமானிக்காமலும் இருக்கலாம். "எண் இருக்கட்டும், நான் ஒழுங்காகத்தான் ஓட்டினேன்" என்று வாதாடிப் பார்க்க வாய்ப்பு உண்டு. அதே எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மாநிலம் கதவைச் சாத்துகிறது, இன்னொன்று பாதி திறந்து வைக்கிறது.

ஒஹாயோ இன்னும் கறார். ரத்தத்தில் 2 நானோகிராம், சிறுநீரில் 10. அது போக, டிஎச்சி உடம்பில் சிதைந்தபின் மிஞ்சும் கழிவுப் பொருளுக்கும் சிறுநீரில் 35, ரத்தத்தில் 50 என்று தனி வரம்பு. 2023 நவம்பரில் அங்கே கஞ்சாவை அனுமதித்தார்கள், இந்த எண்கள் அதோடு மாறவில்லை. நெவாடாவிலும் 2 நானோகிராம் என்றுதான் இருந்தது. 2021-ல் சாதாரண வழக்குகளுக்கு அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். யாராவது செத்துப்போயிருந்தாலோ பலத்த காயம் பட்டிருந்தாலோ, அல்லது திரும்பத் திரும்பச் சிக்கியவராக இருந்தாலோ அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

அடுத்து, துளியும் கூடாது என்னும் மாநிலங்கள். ஓட்டியபோது என்ன நிலையில் இருந்தீர்கள் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. பென்சில்வேனியா இதில் முக்கியமானது. பிட்ஸ்பர்க், பிலடெல்பியா என்று நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடம்.

கலிபோர்னியா, நியூயார்க், மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி ஆகியவற்றில் எண்ணே கிடையாது. கஞ்சாவால் உங்கள் ஓட்டும் திறன் குறைந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். எண் இல்லை என்றதும் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். போலீஸ்காரரின் சாட்சியம், நீங்களே வாயால் சொன்னது, வண்டியில் கிடைத்தது, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்து போதும்.

அந்த 5 நானோகிராம் என்பது எவ்வளவு போதை?

நேர்மையான பதில்: அந்த எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது. சட்டத்தின் பலவீனமான இடம் இதுதான்.

மது நீரில் கலக்கும். ரத்தத்தில் ஏறும், உடம்பு முழுக்கப் பரவும், கல்லீரல் ஏறக்குறைய ஒரே வேகத்தில் அதைக் குறைத்துக்கொண்டே வரும். அதனால் ரத்தத்தில் இருக்கும் அளவும் மூளையில் நடப்பதும் ஓரளவு ஒத்துப்போகின்றன. டிஎச்சி கொழுப்பில் கரைவது. ஒருவர் புகைக்கும்போது, சிகரெட் முடிவதற்குள்ளேயே ரத்தத்தில் அளவு உச்சத்துக்குப் போய்விடும். பிறகு சரசரவென்று இறங்கும். ரத்தத்தை விட்டுப் போய் மூளையிலும் கொழுப்பிலும் உட்கார்ந்துகொள்கிறது. போதை நன்றாக ஏறியிருக்கும் நேரத்தில் ரத்தத்தில் எண் பாதிக்கும் கீழே போயிருக்கும். போலீஸ் நிறுத்தி, ஸ்டேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோய், நர்ஸ் ஊசி போடுவதற்குள் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அப்போது எடுத்த ரத்தத்தை வைத்து ஸ்டியரிங் பிடித்திருந்தபோது என்ன இருந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட வழியில்லை.

மறுபக்கம், தினமும் பயன்படுத்துகிறவர் ஒரு நாள் முழுக்கத் தொடாமல் இருந்தாலும், கொழுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ரத்தத்தில் நானோகிராம் காட்டிக்கொண்டே இருக்கும். எப்போதோ ஒரு தடவை இழுத்தவர் தள்ளாடிக்கொண்டே 3 காட்டித் தப்பிப்பார். தினசரிக்காரர் தெளிவாக இருந்தும் 6 காட்டி மாட்டுவார்.

இது கஞ்சாக்காரர்கள் கட்டிவிட்ட வாதம் இல்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான டிரிபிள்-ஏவின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-ல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எண் வரம்புகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றது. மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பும் 2017-ல் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. ஆனாலும் எண் இருக்கிறது, நீதிமன்றங்கள் அதைச் செல்லும் என்கின்றன. மதுச் சட்டத்தின் சட்டையை எடுத்துக் கஞ்சாவுக்கு மாட்டிவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் கஞ்சா அடித்துவிட்டு ஓட்டுவது ஆபத்தே இல்லையா?

ஆபத்துதான். அளவிடும் கருவி சரியில்லை என்பதும் ஆபத்து இல்லை என்பதும் ஒன்றல்ல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் கஞ்சா வழக்கமாகப் பயன்படுத்தும் 191 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2022-ல் வெளியாயின. புகைத்துவிட்டு ஓட்டும் மாதிரிக் கருவியில் உட்கார வைத்தார்கள். அரை மணியிலும் ஒன்றரை மணியிலும் ஓட்டும் திறன் தெளிவாகக் குறைந்திருந்தது. நாலரை மணி நேரத்தில் டிஎச்சி இல்லாத பொருளைப் புகைத்தவர்களோடு வித்தியாசம் இல்லாமல் போனது. இதில் நான் கவனித்தது வேறு ஒன்று. ஒன்றரை மணி நேரத்தில், இன்னும் சரியாகாத நிலையிலேயே, பலரும் "இப்போது ஓட்டலாம்" என்று நம்ப ஆரம்பித்திருந்தார்கள்.

நேற்று ராத்திரி அடித்தேன், காலையில் தெளிவாக ஆபீசுக்கு ஓட்டிப்போகிறேன். இதுவும் குற்றமா?

எந்த மாநிலத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் நிஜமாகவே தெளிவாக இருந்தால் குற்றம் இல்லை. பென்சில்வேனியாவில் கழிவுப் பொருள் ரத்தத்தில் இருந்தாலே குற்றம். அந்தக் கழிவு, கார்பாக்ஸி-டிஎச்சி என்பார்கள், போதை தராது. ஆனால் நாள்கணக்கில் தங்கும். அடிக்கடி பயன்படுத்துகிறவர் உடம்பில் வாரக்கணக்கில்கூட இருக்கும்.

இதை வைத்து அரிசோனாவில் ஒரு வழக்கு நடந்தது. வேகமாகப் போனதற்காக நிறுத்தப்பட்டவர், முந்தின இரவு புகைத்ததாகச் சொன்னார். ரத்தத்தில் இருந்தது அந்தக் கார்பாக்ஸி மட்டும்தான். போதை தராத கழிவை வைத்து ஒருவரைப் போதையில் ஓட்டியவர் என்று சொல்ல முடியாது என 2014-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2010-லேயே இதே திசையில் வந்திருந்தது. எல்லா மாநிலமும் இந்த முடிவுக்கு வந்துவிடவில்லை என்பதால், எல்லை தாண்டி ஓட்டுகிறவர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தை நம்பிப் போகக்கூடாது. நியூ ஜெர்சியிலிருந்து பாலத்தைத் தாண்டினால் பென்சில்வேனியா. காலை எட்டு மணிக்கு இக்கரையில் குற்றமில்லாத ரத்தம், எட்டேகாலுக்கு அக்கரையில் குற்றமாகிவிடும்.

கஞ்சா கலந்த கம்மி (gummy) மிட்டாய் சாப்பிட்டால்?

இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். புகைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மிட்டாய், பிரவுனி வகைகள் வயிறு, கல்லீரல் வழியாகப் போவதால் ஏறுவதற்கே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று இன்னொன்றைப் போட்டுக்கொண்டு, நண்பர் வீட்டிலிருந்து வண்டியை எடுத்து, பாதி ஹைவேயில் இரண்டும் சேர்ந்து ஏறினால் என்ன செய்வது? மிட்டாய் சாப்பிட்டவர் ரத்தத்தில் டிஎச்சி எண் பெரும்பாலும் குறைவாகவே காட்டும், போதை மட்டும் நிறைய நேரம் நிற்கும். இன்று ராத்திரி மிட்டாய் என்றால் இன்று ராத்திரி வண்டி வேண்டாம்.

சிபிடி எண்ணெய், பெட்ரோல் பங்கில் விற்கிற "ஹெம்ப்" மிட்டாய் எல்லாம் பரவாயில்லையா?

ஹெம்ப் என்பது டிஎச்சி மிகக் குறைந்த கஞ்சாச் செடி. அதை அனுமதித்த 2018 பண்ணை மசோதா வந்தபின், அதிலிருந்து தயாரித்த டெல்டா-8 போன்ற பொருள்கள் கஞ்சாவுக்குத் தடை இருக்கும் மாநிலங்களில்கூடக் கடைக்கு வந்தன. அவையும் போதை தருபவைதான், அவற்றால் தடுமாறி ஓட்டினாலும் அதே வழக்குதான். சிபிடி கஞ்சாச் செடியில் இருக்கும் போதை தராத பொருள், ஆனால் சிபிடி என்று எழுதிய பாட்டிலில் கொஞ்சம் டிஎச்சியும் கலந்திருக்கலாம். துளியும் கூடாது என்னும் மாநிலத்தில் அந்தக் கொஞ்சம் போதும்.

போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஊதச் சொல்வார்களா?

ஊதச் சொல்வது மதுவுக்கு. கஞ்சாவுக்கு நீதிமன்றம் ஏற்கிற ஊதும் கருவி இன்னும் இல்லை. எச்சிலில் சோதிக்கும் கருவியைச் சில மாநிலங்கள் பயன்படுத்துகின்றன. மிச்சிகன் 2017-ல் சில மாவட்டங்களில் சோதனை முறையில் ஆரம்பித்தது.

பொதுவாக நடப்பது இப்படி. பின்விளக்கு எரியவில்லை, லேன் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று ஏதோ ஒரு காரணத்துக்கு நிறுத்துவார்கள். கண்ணாடியை இறக்கியதும் வாசனை வரும். "கடைசியாக எப்போது புகைத்தீர்கள்?" என்று மிகச் சாதாரணமாகக் கேட்பார்கள். நம் ஆட்கள் போலீஸ் முன்னால் பதற்றத்தில் "ஒரு மணி நேரம் முன்னாடி, கொஞ்சம்தான் சார்" என்று சொல்லிவிடுவார்கள். வழக்கில் பாதி அங்கேயே முடிந்தது. லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் காட்டியாக வேண்டும். எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மரியாதையாக மறுக்கலாம். பொய் மட்டும் சொல்லக்கூடாது.

அடுத்து சாலையோரச் சோதனைகள். பேனாவைக் கண்முன்னால் ஆட்டி விழி துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். குதிகாலும் விரலும் ஒட்ட ஒன்பது காலடி நேர்க்கோட்டில் நடந்து, சொன்ன மாதிரி திரும்பி, ஒன்பது காலடி திரும்பி வரச் சொல்வார்கள். பிறகு ஒரு காலைத் தரையிலிருந்து சுமார் ஆறு அங்குலம் தூக்கி முப்பது வினாடி நிற்க வேண்டும். பக்கத்தில் லாரிகள் பறக்கும், முகத்தில் போலீஸ் வண்டியின் வெளிச்சம் அடிக்கும், நாம் வேறு ஜனவரிக் குளிரில் செருப்போடு நிற்போம். தெளிவாக இருப்பவனுக்கே கால் ஆடும்.

இந்த மூன்றும் மதுவை மனத்தில் வைத்துச் சரிபார்க்கப்பட்டவை. கஞ்சா அந்த விழித்துடிப்பை உண்டாக்குவதே இல்லை. அதனால் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2017-ல் ஒரு கட்டுப்பாடு போட்டது. கஞ்சா வழக்கில் போலீஸ்காரர் தான் பார்த்ததைச் சொல்லலாம், ஆனால் "சோதனையில் தோற்றார்" என்று சொல்லக்கூடாது.

சந்தேகம் வலுத்தால் போதை அறியும் பயிற்சி பெற்ற தனி அதிகாரியை வரவழைப்பார்கள். லாஸ் ஏஞ்சலஸ் போலீசில் 1970-களில் உருவான முறை இது, மொத்தம் 12 படிகள். நாடித்துடிப்பை மூன்று தடவை எடுப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், இருட்டறையில் கண்மணியின் அளவை அட்டை வைத்து ஒப்பிடுவார்கள். தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, முப்பது வினாடி ஆனதும் சொல்லச் சொல்வார்கள். கஞ்சா போதையில் காலக்கணக்கு பிசகும் என்பது இதன் அடிப்படை. இந்த அதிகாரிகளின் சாட்சியம் அறிவியலா, ஊகமா என்று நியூ ஜெர்சியில் பல வருடம் வழக்கு நடந்து, 2023 நவம்பரில் முடிவு வந்தது. சாட்சியம் செல்லும், ஆனால் "போதையில்தான் இருந்தார்" என்று அடித்துச் சொல்லக்கூடாது, "அறிகுறிகள் அதோடு ஒத்துப்போகின்றன" என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வாசனை வருகிறது என்று வண்டியைச் சோதனை போடலாமா?

முன்பு எல்லா இடத்திலும் போடலாம். இப்போது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் 2021 சட்டத்துக்குப் பிறகு வாசனை மட்டும் போதாது, ஓட்டுநர் போதையில் இருக்கிறாரா என்று விசாரிக்கும்போது மட்டும் விலக்கு உண்டு. வேடிக்கை இல்லினாயில்தான். 2024 செப்டம்பரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், எரிந்த கஞ்சா வாசனை மட்டும் வைத்து வண்டியைச் சோதிக்கக்கூடாது என்றது. அதே நீதிமன்றம் டிசம்பரில், எரியாத பச்சைக் கஞ்சா வாசனை வந்தால் சோதிக்கலாம் என்றது. காரணம், வண்டியில் கொண்டுபோகும் கஞ்சா வாசனை வெளியே வராத டப்பாவில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாசனை வந்தால் டப்பா சரியில்லை, டப்பா சரியில்லை என்றால் குற்றம். எழுத்துப்படி சரி. ராத்திரி பதினோரு மணிக்குக் கார் ஜன்னல் பக்கம் நின்று எது எரிந்தது, எது பச்சை என்று மூக்கால் தரம் பிரிக்கும் போலீஸ்காரரை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது.

ரத்தம் கொடுக்க மறுக்கலாமா?

மறுக்கலாம், ஆனால் விலை உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னது: கைதானவரை வாரண்ட் இல்லாமல் ஊதச் சொல்லலாம், ரத்தம் எடுக்க வாரண்ட் வேண்டும், ரத்தம் கொடுக்க மறுத்ததையே தனிக் குற்றமாக்கக்கூடாது. ஆனால் லைசென்ஸ் வாங்கும்போதே சோதனைக்குச் சம்மதித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்வதால், மறுத்தால் லைசென்ஸ் போகும். நியூயார்க்கில் குறைந்தது ஓராண்டு. வாரண்ட் வாங்குவதும் இப்போது கஷ்டமில்லை, நடுராத்திரியிலும் நீதிபதியிடம் கேட்டு வாங்கிவிடுவார்கள்.

என்னிடம் மெடிக்கல் மரிஜுவானா கார்டு இருக்கிறது. காப்பாற்றுமா?

அரைகுறையாக. இல்லினாயில் கார்டு உள்ளவருக்கு 5 நானோகிராம் எண் பொருந்தாது, தடுமாறி ஓட்டியதாக நிரூபித்தால் மட்டும் குற்றம். மிச்சிகன் உச்ச நீதிமன்றமும் 2013-ல் நோயாளிகளுக்கு இப்படி விலக்குக் கொடுத்தது. பென்சில்வேனியாதான் கொடுமை. மருத்துவக் கஞ்சா 2016 முதல் சட்டப்படி உண்டு, டாக்டர் சான்று உண்டு, மாநில அரசே கார்டு கொடுக்கிறது. அந்தக் கார்டை வைத்து வாங்கியது ரத்தத்தில் இருக்கும்போது வண்டி ஓட்டினால் அதே மாநிலம் கேஸ் போடுகிறது. புற்றுநோய் வலிக்காக எடுத்துக்கொள்பவர் எப்போதுதான் ஓட்டுவது என்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

ஓட்டும்போது பயன்படுத்தவில்லை, வாங்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் போகிறேன்.

கடையில் ஒட்டிக் கொடுத்த பையைப் பிரிக்காமல் டிக்கியில் போடுங்கள். கலிபோர்னியாவில் திறந்த பாக்கெட்டோ, உதிரியாகக் கஞ்சாவோ ஓட்டுநர் பக்கம் இருந்தால் 100 டாலர் வரை அபராதம். பக்கத்து சீட்டில் இருப்பவர் புகைத்தாலும் தப்பு. அபராதத்தை விடப் பெரிய தொந்தரவு, அந்தத் திறந்த பாக்கெட் போதை ஓட்டல் விசாரணைக்கு வழி திறப்பது. பார்க்கிங்கிலேயே என்ன வாங்கினோம் என்று பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கவும்.

மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகக்கூடாது. இரண்டு பக்கமும் சட்டப்படி அனுமதி இருந்தாலும் கூடாது. மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்து மத்திய அரசின் கையில் இருக்கிறது.

யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். கலிபோர்னியாதானே?

கேட்டைத் தாண்டினால் மத்திய அரசு நிலம். அங்கே சும்மா வைத்திருப்பதே குற்றம். போதையில் ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம், வழக்கும் மத்திய நீதிமன்றத்தில்.

ஒரு பீரும் கொஞ்சம் கஞ்சாவும்?

இரண்டும் சேர்ந்தால் தடுமாற்றம் ஒன்றை மட்டும் எடுத்ததை விட அதிகம். இரண்டுமே வரம்புக்குக் கீழே இருந்தாலும், சேர்ந்து தடுமாற வைத்தால் பல மாநிலங்களில் குற்றம்.

தண்டனை எவ்வளவு?

கலிபோர்னியாவில் முதல் தடவைக்கு அடிப்படை அபராதம் 390-லிருந்து 1,000 டாலர். அதன் மேல் ஏறும் கூடுதல் கட்டணங்கள் அதைப் பல மடங்காக்கும். லைசென்ஸ் ஆறு மாதம் முடக்கம், வகுப்புகள், ஆறு மாதம் வரை சிறைக்கு இடம் உண்டு. வாஷிங்டனில் முதல் குற்றத்துக்கே குறைந்தது ஒரு நாள் சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. பெரிய லாரி, பஸ் ஓட்டும் லைசென்ஸ் உள்ளவர் சொந்தக் காரில் சிக்கினாலும் ஓராண்டுக்கு அந்த லைசென்ஸ் போய்விடும். இன்ஷூரன்ஸ் ஏறுவது தனிக்கதை.

நான் எச்-1பி (வேலை விசா) / எஃப்-1 (மாணவர் விசா). விசாவுக்கு என்ன ஆகும்?

கோர்ட் கொடுக்கும் தண்டனையை விட இது பெரிது. அதனால் கொஞ்சம் விரிவாக.

2015 நவம்பர் முதல் அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. விசா வைத்திருப்பவர் போதையில் ஓட்டியதாகக் கைதானாலே விசாவை ரத்து செய்யலாம். தண்டனை தேவையில்லை, கைது போதும். விசாரணை கிடையாது, சென்னைத் தூதரகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான். கேஸ் பின்னால் தள்ளுபடி ஆனாலும் விசா தானாகத் திரும்பி வராது. 2025 ஆகஸ்டில் 6,000-க்கும் மேற்பட்ட மாணவர் விசாக்களை ரத்து செய்ததாக அந்தத் துறை சொன்னபோது, காரணங்களில் போதையில் ஓட்டியதும் இருந்தது.

விசா வேறு, ஸ்டேட்டஸ் வேறு என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ரத்தானால் அமெரிக்காவுக்குள் இருக்கும் உரிமை பொதுவாக அந்த நிமிடமே போய்விடாது. உள்ளே தங்க அனுமதித்த தேதியைக் காட்டும் ஐ-94 ஆவணத்தில் உள்ள தேதி வரை வேலையைத் தொடர முடியலாம். அதை நம்பி அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால், திரும்பி வரப் புது விசா ஸ்டாம்பிங் வேண்டும். தூதரகம் நியமித்த டாக்டரிடம் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அவர் கஞ்சா பழக்கம் பற்றிக் கேட்பார். மத்திய அரசின் கணக்கில் கஞ்சா தடைப் பொருள்தான். "சட்டப்படி வாங்கித்தான் பயன்படுத்தினேன்" என்ற பதில் குடியேற்றச் சட்டத்தில் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆகிவிடலாம். பொய் சொன்னால் அது இன்னும் பெரிய வம்பு. வக்கீலிடம் பேசாமல் டிக்கெட் போடாதீர்கள்.

கிரீன் கார்டு இருந்தால் கவலை இல்லையே?

குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. சாதாரணப் போதை ஓட்டல் ஒன்றுக்காக நாடு கடத்துவது வழக்கமில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு தண்டனைகள் இருந்தால் நன்னடத்தை இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளலாம் என 2019-ல் அட்டர்னி ஜெனரல் முடிவு சொன்னார். மாநிலச் சட்டம் அனுமதித்த கஞ்சாவாக இருந்தாலும் குடியுரிமைக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறையும் அதே ஆண்டு எழுதி வைத்தது.

டொராண்டோவிலிருந்து பஃபலோவுக்கு வருகிறோம். கனடாவில் எங்களுக்குப் பழகிய சட்டம்தானே?

கனடாவில் நாடு முழுக்க ஒரே குற்றவியல் சட்டம். 2 நானோகிராமில் ஆரம்பிக்கும், 5-ல் கடுமையாகும், மதுவோடு சேர்ந்தால் 2.5-லேயே பெரிய குற்றம். ஒன்டாரியோவில் ஜி2 என்ற புதிய ஓட்டுநர் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் துளியும் கூடாது. பாலத்தைத் தாண்டினால் நியூயார்க்கில் எண் இல்லை, பென்சில்வேனியா போனால் துளியும் கூடாது. எல்லையில் அமெரிக்க அதிகாரி கஞ்சா பயன்படுத்தியதுண்டா என்று கேட்கலாம். கனடாவில் சட்டப்படி பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டாலும் உள்ளே விட மறுக்க முடியும். வண்டியில் ஒரு மிட்டாய்கூட இருக்கக்கூடாது.

வக்கீல் "போதை ஓட்டலை எடுத்துவிட்டு, கஞ்சா வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டால் சிறை இல்லை" என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

குடிமக்களுக்கு நல்ல பேரமாக இருக்கலாம். உங்களுக்கு இது பொறியாகலாம். குடியேற்றச் சட்டத்தில் சாதாரணப் போதை ஓட்டலை விடப் போதைப்பொருள் குற்றம் பல மடங்கு மோசம். கிரீன் கார்டுக்காரருக்கு, சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் ஒரே ஒரு தடவை என்றால் நாடு கடத்தலிலிருந்து விலக்கு உண்டு. கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவருக்கோ, வெளியே போய்த் திரும்பி வருபவருக்கோ அந்த விலக்கு அப்படியே பொருந்தாது. போதைப்பொருள் உபகரணம் (போதைப்பொருளை எடுக்கவோ வைக்கவோ பயன்படும் சாமான்) வைத்திருந்தது என்ற சின்னக் குற்றமும் ஆளைக் கவிழ்க்கும். கன்சாஸில் ஒருவர் முதலில் போதையில் ஓட்டியதாகத்தான் கைதானார். காவலில் சோதித்தபோது காலுறைக்குள் நான்கு மாத்திரைகள் கிடைத்தன. பேரம் பேசி உபகரணக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அதில் அந்தக் காலுறையே உபகரணம். அதை வைத்து அவரை நாடு கடத்தினார்கள். 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொல்வதற்குள் வருடங்கள் போய்விட்டன.

குற்றவியல் வக்கீல் குடியேற்ற விளைவுகளைச் சொல்லியாக வேண்டும் என்று 2010-லேயே அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் பலர் "குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதையே செய்யுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இருவரையும் ஒரே போன் அழைப்பில் உட்கார வைத்து, ஒப்புக்கொள்ளப்போகும் குற்றத்தின் சட்டப் பிரிவு எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பிரிவில் கஞ்சா அல்லது வேறு போதைப்பொருளின் பெயர் வருகிறதா, கோர்ட் ரெக்கார்டில் எந்தப் பொருள் என்று எழுதுவார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள்.